தொடையில் வைத்த ஸ்டென்ட் பெரிதாக இருந்திருந்தால்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. இடது தொடை ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது. "பெரிய சைஸா வெச்சிருந்தா அடைச்சிருக்காது" என்கிறார் சித்தப்பா. உண்மையா டாக்டர்?
- வாசகி, கரூர்

பதில்: தண்ணீர்க் குழாய் என்றால் சித்தப்பா சொல்வது சரி. ரத்தக் குழாயில் பெரும்பாலும் நேர் எதிராக நடக்கும், அம்மா.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டை பலூன் ஊதி விரிப்போம். விரித்த அளவில் நின்றுவிடும். தொடையில் வைப்பது நிட்டினால், நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். மாணவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்து நசுக்கச் சொல்வேன். விரலை எடுத்ததும் சட்டென்று பழையபடி வட்டமாகிவிடும். நடக்கும்போதும் உட்காரும்போதும் தொடைக் குழாய் மடங்கும், முறுக்கிக்கொள்ளும். அதைத் தாங்க இந்த ஸ்பிரிங் குணம் தேவை. ஆனால் 5 மி.மீ. குழாய்க்குள் 7 மி.மீ. ஸ்டென்ட்டை வைத்தால், அது தன் 7-ஐ எட்டப் பார்த்து ராப்பகலாகச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலில் உள்சுவர் தழும்புபோலத் தடித்து, ஸ்டென்ட்டுக்குள்ளேயே சதை வளரும். பன்றிகளிடம் செய்த சோதனைகளில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அடைப்பில்லாத பகுதியை அளந்து, அதைவிட அரை முதல் 1 மி.மீ. வரை மட்டும் கூடுதலாக எடுப்போம். சிறியதாகப் போனாலும் வம்புதான், சுவரோடு ஒட்டாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் '6 × 120' என்பதுபோல் இருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது நீளம், இரண்டும் மி.மீ. கணக்கு. நான் நீளத்தையும் விடாமல் பார்ப்பேன். நீளம் கூடக் கூட மறுபடி அடைக்கும் வாய்ப்பும் கூடும்.

ஆனால் சைஸ் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவு கச்சிதமாக இருந்தும் முதல் வருடத்துக்குள் சுருங்கியவர்கள் உண்டு. சர்க்கரை ஒரு காரணம். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இந்த வாரமே காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஸ்டிக்கர் உள்ள தாளோடு ரத்தக் குழாய் நிபுணரைப் பாருங்கள். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, கால் திடீரென்று சில்லிட்டு மரத்தாலோ ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.