வாசகர் கேள்வி பதில்: நத்தார் கால ஜிஞ்சர்பிரெட்டும் கடதாசி இதயமும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுடன் சேர்ந்து ஜிஞ்சர்பிரெட் (இஞ்சி பிஸ்கட்) வீடு செய்கிறேன். சுவர்கள் ஓவனுக்குள் பரந்து கோணலாகிவிடுகின்றன. ஒருவாறு ஒட்டி நிறுத்தினாலும் கூரை வைத்தவுடன் எல்லாம் சரிகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: உண்பதற்கான மாவிலேயே வீட்டையும் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிஸ்கட்டை இலகுவாக்கும் அப்பச்சோடாதான் சுவரை உப்பவும் பரவவும் வைக்கிறது. ஆகவே வீட்டுக்கென்று பிசையும் மாவில் அதை முற்றாக விட்டுவிடுங்கள். 250 கிராம் பட்டர், 200 கிராம் பழுப்புச் சீனி, ஏழு மேசைக்கரண்டி சீனிப்பாகு ஆகியவற்றை இளஞ்சூட்டில் உருக்கி, 600 கிராம் கோதுமை மாவும் நான்கு தேக்கரண்டி இஞ்சித்தூளும் சேர்த்துப் பிசைந்தால் உறுதியான மாவு கிடைக்கும்.

அதை ஓவன் தாளின் மேலேயே 5 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, அட்டை அச்சை வைத்து வெட்டுங்கள். வெட்டிய சுவரைத் தூக்காமல், சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் அகற்றுங்கள். தூக்கும்போதுதான் மூலைகள் இழுபட்டுக் கோணலாகின்றன. தாளோடு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பின், 180 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடங்கள் வேகவிடுங்கள். வெளியே எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், அதே அட்டை அச்சை மறுபடி மேலே வைத்து விளிம்புகளைக் கத்தியால் நேராக நறுக்கிவிடுங்கள். ஆறிய பிறகு நறுக்கினால் சுவர் வெடித்துவிடும். நறுக்கிய துண்டுகளைப் பிள்ளைகள் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஒட்டுவதற்கு, ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு ஏறக்குறைய 250 கிராம் ஐசிங் சீனி போதும். கத்தியால் கீறிய கோடு மூடாமல் அப்படியே நிற்கும் அளவுக்கு அது தடிப்பாக இருக்க வேண்டும். சுவர்களுக்கு உள்ளும் புறமும் உணவுத் தகரங்களை முட்டுக்கொடுத்து, குறைந்தது மூன்று மணி நேரம் உலரவிட்ட பின்னரே கூரையை ஏற்றுங்கள். என் வீட்டில் கூரைக்கு மறுநாள்தான் முறை.

கேள்வி: கடையில் வாங்கும் நியூரன்பேர்க் லெப்குகன் (ஜேர்மனியரின் நத்தார் கால வாசனைத்திரவியப் பிஸ்கட்) மெத்தென்று இருக்கிறது, தேன் சேர்த்து நான் செய்ததோ கல்லாகிவிட்டது. எறிந்துவிடவா?
– வாசகர், ஸ்ருட்கார்ட்

பதில்: தயவுசெய்து எறியாதீர்கள். தேன் மாவு முதல் நாளில் இறுகித்தான் இருக்கும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ள, சில நாட்களில் தானாக இளகும். தகரப் பெட்டியில் ஒரு துண்டு ஆப்பிளுடன் மூடி வையுங்கள். பூஞ்சணம் பிடிக்காதிருக்க இரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஆப்பிளை மாற்றுங்கள். நீங்கள் வாங்கியது எலீசன் என்ற வகை லெப்குகனாக இருந்தால், அதன் கதை வேறு: அதில் மா 10 வீதத்துக்கு மேற்படாது, வாதுமை போன்ற கொட்டைகள் 25 வீதத்துக்குக் குறையாது. ஆகவேதான் அந்த மென்மை.

இப்பண்டங்களில் சேர்க்கும் கறுவாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான காசியா வகையில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம். 2006 இல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதனை எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. சிறுவர்கள் டிசம்பர் முழுதும் உண்ணும் பண்டம் என்பதால், சற்று விலை கூடினாலும் நம் ஊர்க் கறுவாவையே வாங்குங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளும் ஒன்பது வயது மகனும் சேர்ந்து செய்யக்கூடிய எளிய அலங்காரம் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, கோப்பன்ஹேகன்

பதில்: நத்தார் மரத்தில் தொங்கவிடும் சிறு கடதாசிக் கூடையான உங்கள் ஊரின் பின்னல் இதயத்தை விடச் சிறந்தது எது? எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860 இல் செய்த ஒன்று இன்றும் பேணப்படுகிறது. சிவப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு தாளை இரண்டாக மடித்து, திறந்த முனையை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து, தாளின் அகலத்தை விடச் சற்று நீளமாக இரண்டு கீறல்கள் இட்டால் மூன்று பட்டிகள் கிடைக்கும். ஒரு நிறப் பட்டி மற்றதன் உள்ளே ஒருமுறை, அதற்கடுத்ததைச் சுற்றி ஒருமுறை என மாறிமாறிச் செல்ல வேண்டும். பின்னல் மகனுக்கு, கைப்பிடி ஒட்டுவதும் உள்ளே உலர்திராட்சை நிரப்புவதும் மகளுக்கு.