மூக்கில் கத்தி வைத்த பிறகு ஏன் தைக்கவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. மூக்கின் ஓரத்தில் மச்சம்போல் இருந்த கருந்திட்டு இரண்டு ஆண்டுகளாகப் பொருக்குத் தட்டுவதும், முகம் துடைக்கையில் பொருக்குப் பெயர்ந்து ரத்தம் கசிவதுமாக இருந்தது. பயாப்ஸியில் 'பேசல் செல் கார்சினோமா' (ஒருவகைத் தோல் புற்றுநோய்) என்று வந்தது. அதை அகற்றிய மருத்துவர், பள்ளத்தைத் தைக்காமல் கட்டுப் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டாரோ என்று வீட்டில் பதறுகிறோம்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாதியில் விடவில்லை, அம்மா; அவசரப்படாமல் இருக்கிறார். இந்தப் புற்று உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது என்றாலும், வெளியே மிளகளவு தெரியும்போதே தோலுக்கடியில் விரல்விட்டுப் படர்ந்திருக்கக்கூடும். ஆபத்துக் குறைந்த இடத்தில் 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியைச் சுற்றி 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் பெரும்பாலும் போதும். மூக்கு, இமை, காது, உதடு ஆகிய இடங்களில் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். தாராளமாக வெட்டவும் அங்கே இடமில்லை.

அதனால்தான் வெட்டியெடுத்த துண்டைக் கடிகார முகம்போல் பாவித்து, 12 மணித் திசையைக் காட்ட ஒரு நூல் தையல் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பரிசோதகர் ஓரங்களுக்கு மை தடவிப் பார்த்து, '3 மணிப் பக்கம் மிச்சம் இருக்கிறது' என்றால், அந்தப் பக்கம் மட்டும் மறுபடி வெட்டப்படும். சிறு காயத்தை உடனே நேராகத் தைப்பதில் தவறில்லை. ஆனால், முடிவு வருமுன் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடிவிட்டால் ஓரங்கள் இடம் மாறிவிடும். மிச்சமிருக்கும் புற்று அந்தச் சதைக்கடியில் வெகுநாள் தெரியாமல் வளரும். அறுவை அரங்கிலேயே ஓரம் முழுவதையும் அடுக்கடுக்காகப் பார்க்கும் 'மோஸ்' முறையை 1930களில் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மோஸ் தொடங்கினார். அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

பள்ளம் பெரிதாக இருந்தால், நெற்றித் தோலை ரத்த ஓட்டத்தோடு இறக்கி மூக்கில் பொருத்தி, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து இணைப்பை வெட்டுவார்கள். இது நம் நாட்டுக் கைவேலைதான்: புனேயில் நடந்த இத்தகைய சிகிச்சையை 1794இல் லண்டன் இதழொன்று படத்தோடு வெளியிட்ட பிறகே ஐரோப்பியர் இதைக் கற்றார்கள்.

ஆய்வு முடிவு வரும்வரை மருத்துவர் தந்த களிம்பும் கட்டும் போதும். மஞ்சளோ பச்சிலையோ வைக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது, பக்க ஓரங்களோடு அடி ஓரமும் சுத்தமாக இருக்கிறதா என்று அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.