மாமா சொல்வது சரிதானா?

கேள்வி: 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயரும்போது எனக்கு ஆறு வயது. கிளிவெட்டி முகாமில்தான் வளர்ந்தேன். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது திருகோணமலை டவுனில் மேசனுக்குக் கையாளாகப் போகிறேன். அப்பா குடிப்பார். அம்மாவுக்குக் குழுக் கடன். மழைக்கு வேலை இல்லை, அப்போதுதான் அம்மா கடன் எடுப்பார். அம்மப்பாவின் வயலை ஈடு வைத்துக் கனடா போன மாமா, "வளர்ப்புப் பிழை, உனக்கும் முயற்சி இல்லை" என்கிறார். உயர்தரம் படிக்கும் தங்கையை மறித்து கார்மெண்ட்ஸுக்கு அனுப்பவும் வீட்டில் பேச்சு நடக்கிறது. மாமாவுக்கு என்ன சொல்வது?

- ஒரு வாசகர், சம்பூர்

பதில்: தம்பி, மாமாவின் முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பிளேன் ஏறியதற்கு ஒரு வயல் இருந்தது. உங்கள் அப்பாவின் காணியோ உயர் பாதுகாப்பு வலயம், அனல்மின் நிலையம் என்று போய், 2015க்குப் பிறகுதான் ஊருக்கே திரும்ப முடிந்தது. உழுது பிழைத்த மனிதரை ஒன்பது வருடம் தறப்பாளுக்குக் கீழே நிவாரண அரிசிக்கு வரிசையில் நிறுத்தியது அவருடைய வளர்ப்பு இல்லை.

அதற்காகக் குடிக்கு நான் நியாயம் சொல்ல மாட்டேன். அதே முகாமில் குடிக்காத அப்பாக்களும் இருந்தார்கள். அது உங்களுக்கே தெரியும்.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மழைக்கு வேலை இல்லை, அப்போதுதான் அம்மா கடன் எடுப்பார்." எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமாகப் பட்டது அதுதான். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் மழை வரும், கட்டட வேலை நிற்கும். இது வருடா வருடம் நடப்பது. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், ஃபோன் தவணைக்கும் கூட்டாளிகளோடு கொத்து சாப்பிடவும் எடுக்கும் முன்னால், ஒரு தொகையை அம்மாவின் பெயரில் வங்கியில் போடுங்கள். சித்திரையிலிருந்து போட்டு வந்தால், அடுத்த மழைக்கு எடுக்கிற கடனாவது சின்னதாகும். வீட்டில் வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, எத்தனை வருடம் இன்னும் கல்லும் சாந்தும் சுமக்கப் போகிறீர்கள்? கட்டுவேலை, பூச்சுவேலை கை பழகிவிட்டதென்றால் திருகோணமலையிலுள்ள நைற்றா (அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபை) அலுவலகத்தில் விசாரியுங்கள். வகுப்பில் உட்காராமலே, செய்த வேலையின் அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் தருகிற முறை உண்டு. வெளிநாட்டு வேலைக்கும் அது உதவும்.

தங்கை விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. மறிக்காதீர்கள். 1945இலிருந்து இலங்கையில் பல்கலைக்கழகம் வரை படிப்புக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுக்குச் சுமையாக இருப்பது டியூஷனும் பஸ் காசும்தான். முகாமில் உங்கள் படிப்பு நின்றதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். அவளுடையது நின்றால் அது நீங்கள் எல்லோரும் கூடி எடுத்த முடிவாக இருக்கும்.

மாமாவோடு வாதாட வேண்டாம். அடுத்த முறை அவர் ஃபோன் எடுக்கும்போது மரியாதையாகக் கேளுங்கள்: "மாமா, தங்கச்சியின் டியூஷன் காசை பரீட்சை வரைக்கும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?"