கல் மூழ்கினால் மட்டம் இறங்குமா? – கடிதம்

வணக்கம்.

மிதக்கும் படகிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் குளத்தில் போட்டால் குளத்து நீர்மட்டம் இறங்கும் என்று எழுதியிருந்தீர்கள். வாளியில் செய்து பார்த்தேன். டப்பாவில் கால் கிலோ கல்லை வைத்து மிதக்கவிட்டேன், பிறகு கல்லை எடுத்து நீருக்குள் போட்டேன். மட்டம் மாறவே இல்லை. முன்பும் பின்பும் கல் அதே வாளிக்குள்தானே இருக்கிறது? இன்னொரு சந்தேகம்: கல்லை டப்பாவின் அடியில் நூலால் தொங்கவிட்டால் அதுவும் மூழ்கிய கல்தான். அப்போதும் மட்டம் இறங்குமா?

ம.

அன்புள்ள ம.,

மட்டம் இறங்கத்தான் செய்திருக்கும். அது கண்ணில் படாத அளவுக்கு உங்கள் வாளி அகலம்.

கல்லின் அடர்த்தி நீரைப்போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். டப்பாவில் இருக்கும்போது அந்த 250 கிராமைத் தாங்க 250 மி.லி. நீர் விலகியாக வேண்டும். அடியில் கிடக்கும்போது கல் தன் பருமன் அளவுக்கு, அதாவது 100 மி.லி. மட்டுமே விலக்குகிறது. மீதி 150 கிராமை வாளியின் அடிப்பாகம் சுமக்கிறது. ஆக, விலகும் நீரில் 150 மி.லி. குறைகிறது. வாளியின் விட்டம் 28 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 615 ச.செ.மீ. வகுத்துப் பாருங்கள், கால் சென்டிமீட்டர்கூட வராது. சுவரோரம் நீர் ஒட்டி ஏறி நிற்பதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

'அதே வாளிக்குள்தானே' என்ற வாதம் தராசுக்குச் சரி. வாளியைத் தராசில் வைத்திருந்தால் இரண்டு முறையும் ஒரே எடைதான் காட்டும். நீர்மட்டத்தின் கணக்கு வேறு. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். மூழ்கி அடியில் கிடக்கும் பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்கும்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிய, பாத்திரம் குறுகலாகவும் மூழ்கும் பொருள் கனமாகவும் இருக்க வேண்டும். நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடி ஒன்றை எடுங்கள், உள்விட்டம் 14 செ.மீ., உயரம் 20 செ.மீ.க்கு மேல். கல்லுக்குப் பதில் 500 கிராம் இரும்பு எடைக்கல். மிதக்கவிட 10 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள எவர்சில்வர் டப்பா. டப்பா 100 கிராம் என்றால் எடைக்கல்லோடு சுமார் 7.6 செ.மீ. அமிழும். எடைக்கல் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வைத்தால் டப்பா சாயும்.

டப்பா மிதக்கும் நிலையில் மட்டம் 18 செ.மீ. வரும்படி நீர் ஊற்றி, வெளியே காகிதப் பட்டை ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பின் பருமன் 64 மி.லி. மட்டுமே. அதை அடியில் இறக்கியதும் விலகும் நீர் 436 மி.லி. குறையும், மட்டம் ஏறத்தாழ 2.8 செ.மீ. இறங்கும். காலி டப்பா மிதந்துகொண்டே இருக்க வேண்டும், அதை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

எடைக்கல்லில் முன்கூட்டியே நூல் கட்டி, அதைப் பிடித்து இறக்குவது முக்கியம். நீருக்குள் 5 செ.மீ. நுழைந்த விரல் ஒவ்வொன்றும் சுமார் 10 மி.லி. விலக்கும். 'தொப்'பென்று போட்டால் நீர் சிந்தும். இந்த ஜாடியில் 15 மி.லி. சிந்தினாலே மட்டம் 1 மி.மீ. இறங்கி, நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். செங்கல்லை வைத்துச் செய்யாதீர்கள், அது நீரை உறிஞ்சும். ஆனால் ஜாடி நீரில் கொஞ்சம் டப்பாவுக்குள் புகுந்துவிட்டால் பயப்பட வேண்டாம். டப்பா மிதக்கும்வரை, புகுந்த நீரின் எடைக்கே அது கூடுதலாக அமிழ்ந்து மட்டத்தைச் சரிசெய்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டப்பாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டிய நூலிலிருந்து எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள் (பசைநாடா ஈரத்தில் விட்டுவிடும்). எடைக்கல் ஜாடியின் அடியைத் தொடக்கூடாது. ஜாடியில் மட்டம் பழைய குறியிலேயே, 18 செ.மீ.லேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரே மிதக்கும் பொருள், மொத்த எடை 600 கிராம், விலகும் நீரும் 600 மி.லி. அதில் 64 மி.லி.யை இரும்பே விலக்கிவிடுவதால் டப்பா மட்டும் 8 மி.மீ. மேலெழும்பி நிற்கும்.

நூலை நறுக்குங்கள், மட்டம் 2.8 செ.மீ. இறங்கும். நறுக்காமல், டப்பாவிலிருந்து அவிழ்த்து உங்கள் கையில் பிடித்துக்கொண்டாலும் அதே அளவுதான் இறங்கும், எடைக்கல் அதே ஆழத்தில் தொங்கினாலும். டப்பா சுமந்த 436 கிராமை இப்போது உங்கள் கை சுமக்கிறது.