மக்கள்தொகை பெருகுவதும் நகரங்கள் வளர்வதும் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கின்றன?

காரைக்குடிக்கு அருகில் ஒரு செட்டிநாட்டுச் சிற்றூரில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காரைக்குடியிலேயே குடியிருப்பவன் நான். இந்த இரண்டு ஊர்களையும் பார்த்துக்கொண்டிருப்பதால், மக்கள் எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் எத்தனை வீடுகளாகப் பிரிந்து எந்த நிலத்தின்மேல் குடியேறுகிறார்கள் என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டின் கணக்கையே பாருங்கள். 2001ஆம் ஆண்டு 6.24 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011இல் 7.21 கோடியாகி 15.6 விழுக்காடு கூடியது. அதே காலத்தில் குடும்பங்களின் எண்ணிக்கையோ சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாகி, ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8, மக்கள்தொகை குறையாமல் நிலைக்க 2.1 வேண்டும். பிறப்பு குறைந்த பின்னும் மனைகள் பெருகுவதற்குக் காரணம், முன்பு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்கள் இப்போது மூன்று கூரைகளின்கீழ் இருப்பதுதான். ஒவ்வொரு கூரைக்கும் தனி ஆழ்துளைக் கிணறு, தனிக் கழிவுநீர்த் தொட்டி, சிமெண்ட் பூசிய முற்றம், வாகனம் ஆகியவை சேர்ந்துகொள்கின்றன.

ஆள் குறைந்த ஊரில் இயற்கை தழைக்கும் என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்துக்கு அது பொருந்தாது. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார் தம்மைப் புள்ளிக் கணக்கில் எண்ணுவார்கள். மணமான ஓர் இணை ஒரு புள்ளி, கோயிலுக்குப் புள்ளிவரி உண்டு. வரி ஏட்டில் புள்ளிகள் நிறைந்திருக்கும் ஊரிலும் இரவில் விளக்கெரியும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தலைமுறை பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனது. பின்வந்தவர்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். அந்த வீடுகள் வெறும் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவு எனப்படும் வீட்டின் உட்கட்டில் நடு முற்றத்தில் இறங்கும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சியது கிணற்றுக்கோ, தெரு வாய்க்கால் வழியாக ஊர்க்குளமான ஊரணிக்கோ போய்ச் சேரும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத பகுதியில், ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழையை நம்பி இத்தனை ஊர்கள் நிலைத்தது இந்த ஏற்பாட்டால்தான். அதற்கு ஆள் வேண்டும். கோடையில் தூர் வாரவும், மழைக்கு முன், குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் செதுக்கிவிடவும் ஆள் இல்லாமல் போனதும் சீமைக்கருவேலம் ஊரணிக்குள் இறங்கியது. நான் நீந்தப் பழகிய ஊரணியில் இன்று நடக்கக்கூட இடமில்லை என்பதைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

காரைக்குடியில் நடப்பது இதன் மறுபக்கம். 1928இல் நகராட்சியாகி, 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேரைக் கொண்டிருந்த ஊர், 2024இல் மாநகராட்சியாகியிருக்கிறது. நகரம் விரியும்போது, பாசன ஏரியான கண்மாய் உடனே அழிவதில்லை. முதலில் அதன் நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில் வேளாண்மை நிற்கிறது. வேளாண்மை நின்றால் நீர் திறந்துவிடும் மடையையும், மிகுநீர் வழியும் கலுங்கையும் கேட்பாரில்லை. பிறகு வரத்துக்கால் மேடாகி, கல் நட்டு மனையாகிறது. கண்மாய் தன் இடத்திலேயே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது.

என் வீடே அப்படிப்பட்ட மனையில்தான் நிற்கிறது. குடிவந்த ஆண்டு ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் வந்து, “தம்பி, இது தண்ணி போன பாதை. கீழே இருக்கிற ஊரணிக்கு இந்த வழியாத்தான் போகும்” என்றார். ஐந்து சென்ட் மனையில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 1.8 இலட்சம் லிட்டர். அதில் பெரும்பகுதியை மண்ணுக்குள் விடாமல் சாலைக்குத் தள்ளிவிட்டு, அதே மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டி. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் பற்றிப் பெருமை பேசும் ஊர்க்காரர்களாகிய நாம், அந்த நீர் நிலத்தடியிலிருந்து வருகிறது என்பதை நினைத்தாவது பார்க்க வேண்டும்.

வெப்பம், குப்பை, புகை ஆகியவையும் உண்டுதான். அவை எல்லா நகரங்களுக்கும் பொதுவானவை என்பதால் இங்கே விரிக்கவில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். பெரியவர் சொன்ன பிறகுதான் நான் முற்றத்தின் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, கூரை நீர் இறங்க ஓர் உறைக்கிணறு அமைத்தேன். ஆனால் அடைபட்ட வரத்துக்காலைத் தனி ஒருவன் திறக்க முடியாது. மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழைத் திரும்பத் திரும்பப் பார்த்த நான், நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படத்தைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் மனை வாங்க எண்ணுவோர் புலப்படத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் வாங்கி, அந்த மனையின் புல எண்ணிலோ பக்கத்துப் புல எண்ணிலோ வாய்க்கால், ஊரணி, கண்மாய் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மழை நாளில் அந்த இடத்தில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.