கல்லூரி விசாரணைக் குழு அழைக்கும்போது மாணவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறார். வினாத்தாளின் ஒரு பகுதியைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொண்டதாக அவருக்கு, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. உடன் படிக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலமே ஆதாரம் என்கிறார்கள். ஆனால் அதைக் காட்ட மறுக்கிறார்கள். சாட்சியிடம் தாம் கேள்வி கேட்கலாமா, வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லலாமா, தண்டித்துவிட்டால் நீதிமன்றம் தலையிடுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் வழக்கறிஞன் அல்லன். கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய குழுக்களில் விசாரிக்கும் தரப்பில் அமர்ந்திருக்கிறேன். ஆகவே, சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமையைக் காட்டிலும், அந்த அறைக்குள் எந்த உரிமை பிழைக்கிறது, எது காணாமற்போகிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். மாணவரின் உரிமைகளில் பெரும்பாலானவை, அவர் உரிய நேரத்தில் எழுத்தில் கேட்டால் மட்டுமே உயிர்பெறுபவை. நீதிமன்றங்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

அடிப்படை உரிமையைப் பற்றி இன்று சர்ச்சை இல்லை. உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியம், தேர்வில் முறைகேடு செய்ததாகச் சில மாணவர்களின் தேர்ச்சியை அவர்களிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் ரத்து செய்தது. கன்ஷ்யாம் தாஸ் குப்தா வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் குழு, விதிகளில் அப்படி எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரளவு நீதிமன்றம் போலவே நடந்துகொள்ள வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டு என்ன என்பதைத் தெளிவாக அறிவது, பதில் சொல்லப் போதிய அவகாசம் பெறுவது, பாரபட்சமற்ற ஒருவரால் விசாரிக்கப்படுவது ஆகிய மூன்றும் இயற்கை நீதி என்பதற்குள் அடங்கும். அதற்கு மேல் என்னென்ன உண்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான வழக்கு இலங்கையிலிருந்து வந்தது. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதித் தேர்வை எழுதிய பெர்னாண்டோ என்ற மாணவர், வினாத்தாளில் இடம்பெற்ற ஒரு ஜெர்மன் மொழிப் பகுதியை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று உடன் தேர்வெழுதிய மாணவி ஒருவர் புகார் கூறினார். விசாரணைக் குழு மாணவியின் வாக்குமூலத்தை பெர்னாண்டோ இல்லாத நேரத்தில் பதிவு செய்தது. பிறகு அவரை அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்டது. இறுதியில் காலவரையின்றித் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. இலங்கை உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. ஆனால் அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1960இல் அத்தீர்ப்பைப் புரட்டிவிட்டது. அந்தச் சாட்சியைத் தாம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று மாணவர் கேட்கவே இல்லை, கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அவருடைய ஆட்சேபம் இதைவிட வலுவானதாக இருந்திருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் முக்கியமானது. தேர்வுக்கூடத்திலிருந்து நேரே விசாரணைக்கு அழைத்து வரப்படும் ஒரு மாணவருக்குக் குறுக்கு விசாரணை என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். என் பார்வையில் அத்தீர்ப்பு கடுமையானது. ஆனால் நம் உச்ச நீதிமன்றமும் அதே திசையில்தான் சென்றது. கேரளப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக சுரேஷ் கோஷி ஜார்ஜ் என்ற மாணவர் தொடுத்த வழக்கில், விசாரணை அறிக்கையின் நகல் தரப்படவில்லை என்ற வாதம் 1968இல் ஏற்கப்படவில்லை. அறிக்கை இல்லாமல் பதில் எழுதச் சிரமமாக இருந்திருந்தால் கேட்டுப் பெற்றிருக்கலாமே, கேட்கவில்லையே என்றது நீதிமன்றம்.

கேட்டாலும் எல்லாம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் 1972இல் ஓர் இரவு, சில மாணவர்கள் மாணவியர் விடுதி வளாகத்துக்குள் புகுந்து அநாகரிகமாக நடந்துகொண்டதாக விடுதி மாணவியர் புகார் அளித்தனர். மூவர் குழு மாணவியரின் வாக்குமூலங்களைத் தனியாகப் பதிவு செய்து, புகைப்படங்களைக் கலந்து காட்டி அடையாளம் காணச் செய்து, பிறகு மாணவர்களை அழைத்து விளக்கம் கேட்டது. சாட்சிகளை எங்கள் முன்னிலையில் விசாரிக்கவில்லை என்ற மாணவர்களின் வாதத்தை 1973இல் உச்ச நீதிமன்றம் ஹிராநாத் மிஸ்ரா வழக்கில் நிராகரித்தது. அப்படிச் செய்தால் எந்த மாணவியும் சாட்சி சொல்ல முன்வரமாட்டார் என்பதை அது கருத்தில் கொண்டது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆயினும், சாட்சிக்கு உண்மையான ஆபத்து இருந்த சூழலில் வழங்கப்பட்ட அந்தத் தீர்ப்பை, காப்பியடித்த வழக்குக்கும் வருகைப்பதிவு வழக்குக்கும் எடுத்து நீட்டும் வழக்கம் நிர்வாகங்களிடம் உண்டு. சாட்சியின் பெயரை மறைக்கக் காரணம் இருந்தால் பெயரை நீக்கிவிட்டு வாக்குமூலத்தின் சாரத்தையாவது தரலாம். என்ன சொல்லப்பட்டது என்பதே தெரியாமல் ஒருவர் எதை மறுப்பார்?

ஆகவே விசாரணை நாளுக்கு முன்பே ஒரு கடிதம் கொடுங்கள். குற்றச்சாட்டு எந்த நாள், எந்தத் தேர்வு, எந்த விதியின் கீழ் என்ற விவரத்தையும், வாக்குமூலத்தின் நகலையும், கைப்பேசி உரையாடல் போன்ற ஆதாரம் ஏதேனும் இருந்தால் அதையும் கேளுங்கள். சாட்சியிடம் கேள்வி கேட்க விரும்புவதை வெளிப்படையாக எழுதுங்கள். நேரில் இயலாது என்றால் எழுத்து மூலமாகக் கேள்விகளைக் குழுவிடம் தரத் தயார் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த ஆசிரியரே குழுவில் இருந்தால் ஆட்சேபத்தை அப்போதே பதிவு செய்யுங்கள். நடுவரின் சார்பு பற்றி முதல் வாய்ப்பிலேயே சொல்லாமல், முடிவு பாதகமான பிறகு சொல்வதை ஏற்க முடியாது என்று மானக் லால் வழக்கில் 1957லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையுடன் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

நம் கல்லூரிகளில் நோட்டீஸுக்கும் முன்பே நிகழும் ஒன்று உண்டு: மன்னிப்புக் கடிதம். "எழுதிக் கொடுத்துவிட்டுப் போப்பா, பெரிதாக்க மாட்டோம்" என்று துறைத் தலைவர் சொல்வார். பெற்றோரும் கைகூப்பி நின்று எழுதச் சொல்வார்கள். சொல்பவர் பல நேரங்களில் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தத் தாள் கோப்பில் முதல் பக்கமாகச் சேர்ந்துவிட்டால், பின்னர் குழுவில் அமர்பவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். அதற்குப் பிறகு யாரும் வேறு ஆதாரம் தேடுவதில்லை. செய்திருந்தால் ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புக் கேட்பது மரியாதையான வழி. செய்யாததற்கு மன்னிப்பு எழுதாதீர்கள்.

வழக்கறிஞரைப் பொறுத்தவரை, உள்விசாரணையில் அவரை உடன் வைத்துக்கொள்ளும் பொதுவான உரிமை மாணவருக்கு இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதிகள் அனுமதித்தால் மட்டுமே உண்டு. பெற்றோரையோ ஓர் ஆசிரியரையோ உடன் அனுமதிக்கக் கேட்கலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். குற்றவியல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் குழுவுக்குக் கிடையாது. ராகிங், பாலியல் தொந்தரவு போன்ற புகார்களுக்குத் தனிச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தனி விதிகளும் இருப்பதால், நான் இங்கே சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நீதிமன்றம் தலையிடுமா என்றால், தலையிடும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாக நிவாரணம் கேட்கும் ரிட் மனு நிற்காது என்ற பயம் வேண்டாம்: எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஜேனட் ஜெயபால் என்ற ஆசிரியர் தொடுத்த வழக்கில், கல்வி வழங்குவது பொதுப்பணி என்பதால் அத்தகைய நிறுவனமும் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனினும் நீங்கள் குற்றம் செய்தீர்களா என்பதை உயர் நீதிமன்றம் பொதுவாக மறுபடி ஆராயாது. நடைமுறை சரியா, தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதா என்று பார்க்கும். பிழை இருந்தால் உத்தரவை நீக்கி, முறையாக மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்புவதே வழக்கம். பல்கலைக்கழகத்துக்குள் மேல்முறையீடு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். செய்யாவிட்டால் அதையே காரணம் காட்டி நீதிமன்றம் மனுவைத் தள்ளக்கூடும். அடுத்த பருவத் தேர்வு நெருங்கினால் தேர்வெழுத மட்டும் இடைக்கால அனுமதி கேட்கலாம். அப்படி எழுதும் தேர்வின் முடிவு பெரும்பாலும் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டே இருக்கும் என்பதால், மனுவைத் தாக்கல் செய்ய ஹால் டிக்கெட் மறுக்கப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.