அம்மாவும் வரவேண்டும், கம்பஸ் பிள்ளைகளும் வரவேண்டும்: எந்தக் கப்பல் பயணம் நல்லது?

கேள்வி இதுதான்: கொழும்பிலிருந்து டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பமாகக் கப்பலில் போக விருப்பம். முழங்கால் வலியுள்ள அம்மா, பெரியப்பா, கம்பஸில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் பிடித்த கப்பல் எது?

நாள் முழுக்க எல்லாரும் ஒன்றாக இருந்து மகிழ்கிற கப்பலைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று இல்லை. பகலில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசைக்கு வரக்கூடிய கப்பலைத் தேடுங்கள். கப்பலைப் பிள்ளைகளுக்காகத் தெரிவு செய்யுங்கள், பாதையையும் அறையையும் பெரியவர்களுக்காக. எங்கள் வீட்டில் மாமியார், மச்சாள், இருபது வயதுகளில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிற நான் இந்த முறையில்தான் பார்க்கிறேன்.

கொழும்புத் துறைமுகத்தில் வந்து நிற்கிற பெரிய பயணக் கப்பல்கள் பெரும்பாலும் வேறெங்கோ தொடங்கிய பயணத்தின் நடுவில் வருபவை. ஆகவே கப்பல் ஏற நமக்கு வசதியான இடம் சிங்கப்பூர். கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசாவும் தேவையில்லை. சென்னையிலிருந்து 2023இல் திருகோணமலை, காங்கேசன்துறைப் பக்கம் வந்துபோன கோர்டீலியா கப்பலைப் பலர் சொல்வார்கள். அது 1990இல் ஓடத் தொடங்கிய, ஏறத்தாழ 48,000 தொன் கப்பல். நடை குறைவு என்பதால் பெரியவர்களுக்குச் சுகம்தான், ஆனால் பிள்ளைகள் இரண்டாம் நாளே போனைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

சிங்கப்பூரில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள் வந்தால் பிள்ளைகளுக்கு அதுதான். கடல் மட்டத்துக்கு மேலே 300 அடி வரை தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு, வேகக் காற்றில் ஆளை மிதக்கவைக்கிற கூடம், செயற்கை அலையில் சறுக்கல், இடித்து விளையாடும் கார்கள் எல்லாம் அதில் உண்டு. கென்டிங் டிரீம் என்கிற இன்னொரு கப்பல் சற்றுச் சிறியது, சுமார் 150,000 தொன். ஆனால் சைவச் சாப்பாட்டை அவர்கள் தனியாகவே கவனிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத ஆள் வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. எந்தக் கப்பலானாலும் சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் என்கிறீர்கள். அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், வியட்நாம் பக்கமாகத் தென்சீனக் கடலில் போகிற கப்பல் நன்றாகவே ஆடும். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமாத்ரா, மறுபக்கம் மலேசியா, இரண்டும் காற்றை மறைத்துக் கொடுக்கும். ஆகவே மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான் பாதைகளைப் பாருங்கள். மூன்று, நான்கு இரவு போதும்.

அதிலும் பினாங்குக்கு என் முதல் வாக்கு. கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே, சுவெட்டன்ஹாம் துறையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இறங்கினால் லிட்டில் இந்தியா கிட்ட, 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயிலும் அங்கேதான். அம்மா கும்பிட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ட்ரைஷோ என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் திரும்பிவிடலாம், பிள்ளைகள் மாலை வரை சுற்றட்டும். தாய்லாந்தின் புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கு வராமல் பட்டொங் குடாவில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் படகில் கால் வைப்பது பெரிய சோதனை. "கரையில் கட்டுமா, படகில் இறக்குமா?" என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முகவரிடம் கேளுங்கள். நான் கேட்ட முகவர்களில் பாதிப்பேர் பதில் சொல்ல முழித்தார்கள்.

அறை விஷயத்தில் கஞ்சத்தனம் செய்வதென்றால் பிள்ளைகளுடையதில் செய்யுங்கள். அவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும், தூங்கத்தானே வருவார்கள். ஆனால் பெரியவர்கள் இல்லாத அறைக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அம்மாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் எடுங்கள். அங்கே ஆட்டமும் குறைவு, நடையும் குறைவு. இந்த வகைக் கப்பல்கள் 330 மீற்றரைத் தாண்டும், பின்முனையில் அறை கிடைத்தால் சாப்பாட்டுக்குப் போய்வருவதே ஒரு நடைப்பயிற்சி. குளியலறை வாசலில் உயரப்படி இருக்கும், படியில்லாத அறைகள் சிலதே என்பதால் முந்திக்கொள்ளுங்கள். பெரியப்பா தனியறை கேட்டால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் வரும், ஏனென்றால் விலையே இருவர் பங்குபோடுவதாக வைத்துத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் விசா. சிங்கப்பூருக்கு வேண்டாம் என்பதால் மலேசியாவுக்கும் வேண்டாம் என்று ஆகாது. சில மணி நேரம் இறங்குவதற்கும் வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்புறுதியில் அம்மாவின் பிரஷர், சீனி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் வைத்தியருக்குக் காசு கட்டவேண்டும், கடலிலிருந்து ஆளைக் கரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால் செலவு சொல்லி முடியாது. குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும்.

இரவு விமானத்தில் போய் அன்றே கப்பல் ஏறுகிற திட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரு இரவு படுத்தெழும்பிப் போனால் அம்மாவும் களைக்கமாட்டார், பிள்ளைகளுக்கும் முஸ்தபா கடைத்தொகுதியில் சுற்ற நேரம் கிடைக்கும்.